உயிர்ச்சத்து மாத்திரை வேண்டுமா?

எட்டயபுரம் கடைத்தெருவில், மருந்துக் கடை ஒன்றின் முன்னே, அண்மையில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். கையில் வண்ணப் புட்டி ஒன்று இருந்தது. “என்ன தம்பி, உடம்புக்கு என்ன?” என்றேன். “ஒன்றுமில்லை ஐயா. விடுதியில் காலையில் சாப்பிட நேரம் கிடைப்பதில்லை. இந்த வைட்டமின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதுமல்லவா?” என்றான். தெருவில் நின்றபடியே விடை கூறத்தக்க வினாவன்று அது. அவனுக்குக் கூற எண்ணியதை நேயர்களாகிய உங்களுக்கும் கூறுகின்றேன்.

உண்ணும் சோறும் எண்ணெயும் உடலுக்கு ஆற்றல் தருகின்றன. பருப்பும் பாலும் மீனும் உடலை வளர்க்கின்றன. வைட்டமின் எனப்படும் உயிர்ச்சத்து இவ்விரு பணிகளையும் தானே செய்வதில்லை. இவை செவ்வனே நடைபெறத் துணை நிற்கின்றது. மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் மசகு போன்றது அது. மசகின்றி வண்டி ஓடாது. ஆனால், மாட்டுக்குத் தீவனம் வையாமல் மசகை மட்டும் அள்ளி அள்ளிப் பூசினால் வண்டி நகருமோ?

இச்சத்து இருப்பதை மனிதன் அறிந்துகொண்டதே ஒரு நோயினால்தான். பெரிபெரி என்பது அதன் பெயர். கால்கள் வலுவிழக்கும், நெஞ்சு தளரும், பலர் மாண்டனர். 1890ஆம் ஆண்டையொட்டி, ஜாவாத் தீவின் படேவியா நகரில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் தள்ளாடியது. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே அவை தின்று வந்தன. புதிதாக வந்த சமையற்காரர், கோழிக்கு அச்சோற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் தேறிவிட்டன! தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகின்றது என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. அந்த ‘ஏதோ ஒன்றுக்கு’ வைட்டமின் என்னும் பெயரை 1912-இல் காசிமிர் ஃபங்க் என்பார் சூட்டினார். ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரை யாரும் நினைப்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பழைய சென்னை மாகாணத்தின் வடபால் இருந்த ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. தமிழ் மாவட்டங்களிலோ அஃது அரிதாயிருந்தது. இரு பகுதியாருக்கும் சோறே உணவு. வேற்றுமை யாது? அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டை அடுத்துள்ள பி-1 என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகின்றது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் ஒரு பங்கு எஞ்சுகின்றது. நெல் அவித்த நம் பாட்டிமார்க்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. பேரர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

இவ்வேற்றுமையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் குன்னூரில் பணியாற்றிய இராபர்ட் மெக்காரிசன். அவர் செய்த மற்றொரு சோதனை நமக்குப் பெருமை தருவதன்று. நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. பெரும்பகுதியும் அரிசியேயான சென்னை உணவைத் தின்றவை பின்தங்கின. அரிசியைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாததே குறை. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குவது அதுவே.

அப்படியானால் மாத்திரையும் துளி மருந்தும் வீண்தானா? அவ்வாறு சொல்வதும் பிழையே. 1990-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றைக் கேளுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தவர்கள், திருச்சி மாவட்டத்தில் பள்ளிக்குச் செல்லும் பருவம் எய்தாத குழந்தைகள் ஏறத்தாழ 15,000 பேரைத் தெரிந்தெடுத்தனர். ஒரு பாதியினர்க்கு வாரந்தோறும் சிறிதளவு ஏ உயிர்ச்சத்து ஊட்டினர்; மறுபாதியினர்க்கு அஃது இல்லை. ஓராண்டு முடிவில், ஏ உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. அவர்கள் ஊட்டிய அளவோ மிகப் பெரிதன்று. நல்ல உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுதான். முருங்கைக்கீரையும் முட்டையும் பாலும் எட்டாத வீடுகளில், அந்தச் சில துளிகள் மாலைக்கண்ணை மட்டுமா தடுத்தன? உயிரையே காத்தன.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு. காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. அன்று பிள்ளைகளுக்கு வழங்கியது சோறு.

குறை உள்ளவனுக்கு உயிர் காத்தது, குறை இல்லாதவனுக்கு என்ன செய்யும்? பி, சி வகைச் சத்துகள் மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறும். காசும் கூடவே போகும். ஏ, டி வகையினவோ கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கி, அளவு மிகின் தீங்கு செய்யும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. கீரையிலும் காரட்டிலும் உள்ள கரோட்டீனை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரற் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை உண்டவர்களுக்கே அந்நோய் 18 விழுக்காடு மிகுதி! அமெரிக்காவில் மருத்துவர்கள் 14,000-க்கு மேற்பட்டோர் பத்தாண்டுக்கு மேலாகப் பலசத்து மாத்திரை உண்டும் உண்ணாதும் பார்த்ததில், மாரடைப்புக் குறையவில்லை. புற்றுநோய் மட்டும் சற்றே குறைந்தது. 2012-இல் வெளிவந்த முடிவு இது. சிறு நன்மையையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

யாருக்கு மாத்திரை தேவை? கருவுறும் காலத்துப் பெண்களுக்குப் போலிக் அமிலம் தேவை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையை அது பெருமளவு தடுக்கும் என்பது 1991-இல் உறுதியாயிற்று. புலாலும் பாலும் முட்டையும் அறவே நீக்கியவர்களுக்கு பி-12 தேவை. வெயில் படாதவர்களுக்கு டி குறையக்கூடும். இவற்றையெல்லாம் மருத்துவர் சொல்லக் கேட்டு உண்ண வேண்டும். கடைக்காரர் சொல்லக் கேட்டு அன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைகளின் இரத்தச் சோகைக்காக, இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த நீல மாத்திரையை அரசு வாரந்தோறும் பள்ளிகளில் வழங்குகின்றது. நான் தலைமையாசிரியனாய் இருந்தபோது, பள்ளிக்குப் பின்புறம் வேலியோரத்தில் அந்நீல மாத்திரைகள் சிதறிக் கிடக்கக் கண்டேன். சினம் கொண்டு கண்டித்தேன்; பயனில்லை. பிறகுதான் ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, ஐயா.” நாங்கள் அதனைக் காலையில் வழங்கி வந்தோம். அவர்களுள் பலர் காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்தவர்கள். கேட்காமல் கண்டித்தது என் பிழை. மறுவாரம் முதல் மதிய உணவுக்குப் பின் வழங்கச் செய்தேன். வேலியோரத்தில் மாத்திரைகள் அறவே மறைந்தன என்று சொல்ல மாட்டேன், மிகவும் குறைந்தன.