நிலக்கரி வியாபாரி எழுந்தார்; கார் கம்பெனி பிழைத்தது!

முகூர்த்த நாட்களில் நன்னிலம் கடைத்தெரு வழியாக வெளியூர்க் கார்கள் வரிசையாகப் போகும். அதில் எப்போதாவது ஒன்றின் முகப்பில் நீலமும் வெள்ளையும் கலந்த வட்டச் சின்னம் தெரியும். அதற்குக் கீழே மூக்குபோல் இரட்டைத் துவாரம். "அதான்பா பி.எம்.டபிள்யூ.! விலையைக் கேட்டா மயக்கம் வரும்!" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும்.

பணக்காரர்கள் ஏறும் இந்தக் காரைச் செய்யும் ஜெர்மன் கம்பெனி, 1959-ல் ஒரே நாளில் கைமாறிப் போக இருந்தது. தடுத்தது யார் தெரியுமா? சில்லறைப் பங்குதாரர்கள்! அவர்களில் ஒருவர் நிலக்கரி வியாபாரி!

விமான என்ஜின்

'பவேரியா மோட்டார் தொழிற்சாலை' என்பதன் ஜெர்மன் சுருக்கம்தான் பி.எம்.டபிள்யூ. ஊர், மியூனிக். நீலமும் வெள்ளையும் பவேரியா மாநிலத்தின் நிறங்கள்.

1916-ல் பிறந்த கம்பெனி, முதலில் செய்தது விமான என்ஜின். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. விமான என்ஜினுக்குத் தடை வந்தது. 1923-ல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 1928-ல் ஐசனாக் நகரில் ஒரு கார் ஆலையை விலைக்கு வாங்கினார்கள். அங்கே செய்த முதல் கார், இங்கிலாந்தின் 'ஆஸ்டின் செவன்' காரை உரிமம் பெற்றுச் செய்ததுதான்! அந்த இரட்டை மூக்கு 1933-ல் வந்தது.

ஹிட்லர் காலத்தில் மறுபடியும் விமான என்ஜின். சிறைமுகாம் கைதிகளைக் கட்டாய வேலை வாங்கிய கறையும் கம்பெனி மேல் உண்டு. போர் முடிந்ததும் ஐசனாக் ஆலை ரஷ்யாவின் பிடிக்குள் போய்விட்டது.

குமிழிக் கார்

1955-ல் 'இசெட்டா' என்ற முட்டை வடிவக் கார் வந்தது. கதவு ஒன்றே ஒன்று. அதுவும் முன்பக்கம்! மோட்டார் சைக்கிள் என்ஜினில் ஓடிய இந்தக் குட்டிக் கார் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

பணக்காரர்களுக்கு '507' என்று ஒரு கார். பாடகர் எல்விஸ் பிரெஸ்லிகூட வைத்திருந்தார். ஆனால் மொத்தம் செய்ததே சுமார் 250 தான். மேலே ஆடம்பரம், கீழே குமிழி. நடுத்தரக் குடும்பம் வாங்க நடுவில் ஒன்றுமில்லை. நஷ்டம் ஏறியது.

டிசம்பர் 9

1959 டிசம்பர் 9. மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். போட்டிக் கம்பெனியான டைம்லர்-பென்ஸ் (மெர்சிடிஸ் கார் செய்பவர்கள்) வசம் ஒப்படைக்க நிர்வாகமும் பாங்கும் ஏற்பாடு செய்துவிட்டன. கெடு அன்றோடு சரி.

சிறு பங்குதாரர்கள் விடவில்லை. கார் டீலர்களும் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். நிலக்கரி வியாபாரி எரிக் நோல்டும், வக்கீல் பிரீட்ரிக் மாதெர்னும் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். '700' என்ற புதிய காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருடத்தில் எழுதி, நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தது தெரிந்தது! கணக்கில் கோளாறு என்றால், 10 சதவீத ஓட்டு இருந்தால் போதும், கூட்டத்தை ஒத்திவைக்கலாம். ஓட்டு அதற்கு மேலேயே விழுந்தது. கெடு தாண்டியது. விற்பனை நின்றது!

பிறகு தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் துணிந்து பணம் போட்டார். 1962-ல் நடுத்தர அளவுக் காரான '1500' வந்தது. கம்பெனி நிமிர்ந்தது.

3, 5, 7

1972-ல் '5 சீரிஸ்', 1975-ல் '3 சீரிஸ்', 1977-ல் '7 சீரிஸ்'. எண் ஏற ஏறக் காரும் பெரிது. 'எக்ஸ்' என்று தொடங்கினால் உயரமான ஜீப் ரகம்.

செங்கல்பட்டு பக்கத்திலேயே இந்தக் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது. பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில், 2007 மார்ச்சில் திறந்தார்கள். 2015-ல் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் அங்கே வந்து, தொழிலாளர்களோடு சேர்ந்து காரைப் பூட்டினார். 2021-ல் ஒரு லட்சமாவது கார் வெளியே வந்தது.

நம்ம ஊர் கூட்டுறவு சங்கத்திலும் மகாசபை கூடுகிறது. வரவு-செலவு அறிக்கையைக் கையில் கொடுக்கிறார்கள். டிபன் வருவதற்குள் அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்!