பராமரிப்போரையும் பராமரிப்போம்

நோயுற்ற பிள்ளை உள்ள வீட்டுக்குச் செல்வோர் பிள்ளையின் சுகத்தையே விசாரிக்கின்றனர். அப்பிள்ளையை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் தாயிடம், 'நீங்கள் உறங்கினீர்களா?' என்று கேட்போர் அரிது. வாயால் உண்ண இயலாமல் குழாய் வழியாக உணவு பெறும் சிறுவர்களின் வீடுகளில் இக்கேள்வி மிகவும் அவசியமானதாகும்.

பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் விழுங்கும் ஆற்றல் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் குறுகிய காலத்துக்கு மூக்கு வழியாகவும், நீண்ட காலத்துக்கு வயிற்றில் இடப்படும் சிறு துளை வழியாகவும் இரைப்பையில் குழாய் பொருத்தப்படுகின்றது. பிள்ளையின் போஷாக்கு இதனால் காக்கப்படுகின்றது. ஆயினும், வைத்தியசாலையில் பயிற்றப்பட்ட தாதியர் முறைவைத்துச் செய்யும் பணி, வீட்டில் பெரும்பாலும் தாய் ஒருவரின் தலையிலேயே விழுகின்றது.

மூக்குக் குழாயாயின் ஒவ்வொரு வேளையும் அது இரைப்பையில்தான் உள்ளதா என உறுதிசெய்ய வேண்டும். இடம் மாறிய குழாயில் உணவு செலுத்தினால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். பிள்ளையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, உணவுக்கு முன்னும் பின்னும் குழாயை நீரால் கழுவ வேண்டும். வயிற்றுக் குழாய் கழன்றால் சில மணித்தியாலங்களிலேயே துளை சுருங்கத் தொடங்கிவிடும். இந்த அச்சத்தினாலேயே பல தாய்மார் உறவினரின் நன்மை தீமைகளுக்கும் செல்வதில்லை. போதாக்குறைக்கு, 'வாயால் ஊட்டிப் பார்க்கக்கூடாதா?' என்ற உறவினரின் கேள்வியும் அவர்களை வருத்துகின்றது.

அவ்வாறாயின் குழாய்தான் சுமையா? இல்லை. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளைப் பராமரிப்போர் குறித்து பிரித்தானியாவின் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுக் குழாய் பொருத்தி ஓராண்டானபோது பராமரிப்போரின் மனநலமும் சமூக ஈடுபாடும் மேம்பட்டிருந்தன. உணவூட்டும் நேரமும் குறைந்திருந்தது. ஆகவே, தாயை வருத்துவது குழாயை விட, அப்பணியில் அவருக்கு மாற்றாள் இல்லாத நிலையே என நாம் கருதுகின்றோம்.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முன்னர் தாயுடன் தந்தைக்கோ வேறொரு நெருங்கிய உறவினருக்கோ இப்பயிற்சியை வைத்தியசாலைகள் கட்டாயம் வழங்க வேண்டும். அவசர வேளையில் யாரை அழைப்பது என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளை சிகிச்சைக்கு வரும்போது தாயின் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரிப்பது வழமையாக வேண்டும். அயலவரும் உறவினரும் அறிவுரையைக் குறைத்து, வீட்டு வேலையில் ஒரு பங்கை ஏற்கலாம்.

பராமரிப்பவர் தளர்ந்தால் பிள்ளையும் தளரும். தாய்க்கு வாரத்தில் ஓர் இரவேனும் நிம்மதியான உறக்கம் கிடைக்கச் செய்வது சலுகையன்று. அது பிள்ளையின் சிகிச்சையில் ஓர் அங்கமாகும்.