யார் கணக்கிலும் ஏறாத பற்றாக்குறை

பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட். நிதிப் பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். சாயங்காலம் தொலைக்காட்சிகளில் பாராட்டும் வசையும் ஆரம்பமாகிவிடும். வாசகர் கடிதங்களில் இப்போதே குழப்பம்: பற்றாக்குறைக்குப் பொறுப்பு காங்கிரஸா, பாஜகவா?

அந்தச் சதவீதத்துக்குள் எது வரவில்லை என்று பார்த்துவிட்டுப் பொறுப்பைப் பேசுவோம்.

முதல் உதாரணம், எண்ணெய்ப் பத்திரக் கதை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை போனது. அதே வேகத்தில் டீசல், சமையல் எரிவாயு விலையை ஏற்ற மன்மோகன் சிங் அரசுக்குத் துணிவில்லை. இந்தியன் ஆயில் முதலான பொதுத்துறை நிறுவனங்கள் அடக்கவிலைக்கும் கீழே விற்றன. அவற்றுக்கு ஈடுகட்ட வேண்டிய அரசு, ரொக்கத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்தது. மளிகைக் கடைக்காரருக்குப் புரோநோட்டு எழுதித் தருவதுபோலத்தான். 2008-09-இல் மட்டும் சுமார் 76,000 கோடி ரூபாய்.

கஜானாவிலிருந்து ரொக்கம் போகவில்லை. ஆகவே மானியச் செலவு இல்லை, பற்றாக்குறையும் இல்லை. வருடாவருடம் வட்டி மட்டும் செலவில் ஏறும். முதிர்வு நாளில் அசலைக் கொடுக்கும்போதாவது ஏறுமா என்றால், அதுவும் கிடையாது. அசலைத் திருப்புவது செலவல்ல, கடனடைப்பு. ஆக, அந்த 76,000 கோடி எந்த நிதியமைச்சரின் பற்றாக்குறையிலும், எந்த ஆண்டிலும், வரவே வராது! 2008-09-க்குச் சொன்ன பற்றாக்குறை ஜிடிபியில் 6 சதவீதம்; பத்திரத்தையும் சேர்த்திருந்தால் மேலும் ஒரு சதவீதத்துக்கு அதிகமாகக் கூடியிருக்கும். மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது, பட்ஜெட் ஆவணத்தின் பின்னிணைப்பில் அச்சிட்டிருந்தார்கள். யார் படிக்கிறார்கள்?

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்தப் பத்திரங்களைக் காட்டித்தான் எரிபொருள் வரியைக் குறைக்க முடியாது என்றார். அப்போது வட்டி ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி. 2020-21-இல் பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசு வசூலித்த கலால் வரியோ 3.35 லட்சம் கோடி. பழி நியாயம்தான், அளவுதான் பொருந்தவில்லை. மேலும், 2017-இல் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி பொதுத்துறை வங்கிகளுக்கு முதலீடாக அறிவித்த 1.35 லட்சம் கோடிப் பத்திரங்களும் இதே ஜாதி.

உணவு மானியம்? மானியத்தை முழுதாகத் தராமல், மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்க வைத்தது; 2020 மார்ச்சில் பாக்கி சுமார் 2.54 லட்சம் கோடி. இந்தப் பழக்கத்தை நிறுத்திக் கணக்கைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தவர் நிர்மலாதான், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் செய்தது கொரோனா ஆண்டில், பற்றாக்குறை 9.2 சதவீதம் என்றாலும் யாரும் திட்டாத ஆண்டு. முந்தைய ஆண்டுகளின் சுமையும் அந்த 9.2-இல் கலந்திருக்கிறது.

தமிழ்நாடு? மின் விநியோக நிறுவனங்களின் கடனை மாநிலங்கள் ஏற்கும் உதய் திட்டத்தில், மின்வாரியத்தின் 22,815 கோடிக் கடனை 2017-இல் மாநில அரசு ஏற்றது. பழைய நஷ்டம் அந்த ஆண்டுப் பற்றாக்குறையாகத் தெரிந்தது.

பற்றாக்குறை இருக்கட்டும், உபரி வந்தால் அதற்கு யார் காரணம்? அமெரிக்காவின் 1998–2001 உபரியைக் கிளின்டனும் குடியரசுக் கட்சி நாடாளுமன்றமும் இன்னும் பங்கு போடுகிறார்கள். பங்குச்சந்தை ஏற்றம் கொட்டிய வரியை இருவருமே சொல்வதில்லை.

பட்ஜெட் அன்று எதைப் பார்ப்பது? உரையை அல்ல, பட்ஜெட் ஆவணங்களின் செலவுத் தொகுதியில் உள்ள, பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடன்களின் அறிக்கையை.