போலீஸ்காரர் பட்டாளத்தாரா?

திண்டிவனம் பஸ் நிலையம். அமாவாசை நாள். மேல்மலையனூர் போகும் ஜனக் கூட்டம் அலைமோதுகிறது. பந்தோபஸ்துக்கு நிற்கும் ஓர் இளம் போலீஸ்காரரின் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. மல்லாட்டைக் கூடையோடு வந்த ஒரு கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்பா, நீ பட்டாளமா?"

"இல்ல ஆயா. போலீசு."

"துப்பாக்கி வச்சிருக்கியே?"

போலீஸ்காரர் சிரித்தார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கிழவி கேட்டது லேசான கேள்வி அல்ல. படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். "சிவிலியன்" என்று ஒரு சொல் உண்டு. பட்டாளத்தைச் சேராத சாதாரண மனிதர் என்று பொருள். போலீஸ்காரர் சிவிலியனா, அல்லவா?

காக்கிச் சட்டை

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும்போது பாருங்கள். நடை பட்டாளத்து நடை. சல்யூட்டும் பட்டாளத்துச் சல்யூட்டு. காக்கித் துணியே வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்திலிருந்து வந்ததுதான்.

பேச்சிலும் அப்படியே. சீருடை போடாமல் வந்தால் "மப்டியில் வந்தார்" என்கிறோம். வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் தங்கள் சாதாரண உடுப்புக்கு வைத்த பெயர் அது. நம்மைப் போலீசார் "பப்ளிக்" என்கிறார்கள். தாங்கள் அந்தப் பப்ளிக்கில் சேர்ந்தவர்கள் இல்லை என்பது போல!

கிட்டி போட்ட காலம்

நூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னே நம் ஜில்லாக்களில் தனிப் போலீஸ் இலாகா கிடையாது. தாசில்தாரே வரி வசூலிப்பார். அவரே திருடனையும் பிடிப்பார். ஒரே கையில் இரண்டு அதிகாரம். வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பார்கள். இதற்குத்தான் கிட்டி என்று பெயர். வெயிலில் குனிய வைத்துக் கட்டிப் போடுவதும் உண்டு.

இந்தக் கொடுமைகளை விசாரிக்க மதராஸ் சர்க்கார் ஒரு கமிஷன் போட்டது. 1855-ல் அதன் அறிக்கை வெளிவந்தது. சீமையிலேயே பரபரப்பு உண்டாயிற்று. அதன் பிறகுதான், 1859-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம், போலீஸ் தனி இலாகா ஆயிற்று. வரிக்காரர் வேறு, காவல்காரர் வேறு என்று பிரித்தார்கள். ராபின்சன் என்ற வெள்ளைக்காரர் முதல் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல்.

ஆனால் ஒரு வேடிக்கை! லண்டன் நகரத்தில் 1829-ல் ராபர்ட் பீல் போலீஸ் படையை அமைத்தபோது நீல உடுப்புக் கொடுத்தார். அப்போது அந்த நாட்டுப் பட்டாளத்துக்குச் சிவப்பு உடுப்பு. போலீஸ்காரரைக் கண்டால் சிப்பாய் என்று ஜனங்கள் நினைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். கையில் துப்பாக்கியும் இல்லை. தங்கள் சொந்த ஜனங்களுக்கு அப்படிச் செய்தவர்கள், அடிமை நாடான அயர்லாந்துக்கு மட்டும் ஆயுதப் போலீசைக் கொடுத்தார்கள். நமக்கு வந்ததும் அயர்லாந்துச் சரக்குத்தான். கிழவியின் குழப்பம் அங்கிருந்து தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நடை எப்படி இருந்தாலும் சட்டத்தில் சந்தேகம் இல்லை. போலீஸ்காரர் சிவில் சர்க்காரின் ஊழியர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் போலத்தான். விசாரணை நடத்தாமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. குமாஸ்தாவுக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு போலீஸ்காரருக்கும் உண்டு. ராணுவச் சிப்பாய்க்குக் கிடையாது.

சிப்பாய்க்குத் தனிச் சட்டம், 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டம். காவலை விட்டு ஓடினாலும், மேலதிகாரியை அடித்தாலும் ராணுவக் கோர்ட்டுதான் விசாரிக்கும். அங்கே ராணுவ அதிகாரிகளே நீதிபதிகள். போலீசுக்கு அப்படி ஒரு கோர்ட்டு இல்லை. குற்றம் செய்தார் என்று வழக்கு வந்தால், நீங்களும் நானும் நிற்கும் அதே கூண்டில்தான் அவரும் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒருவர் சிவிலியனா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

விழுப்புரம் கோர்ட்டில்

இந்த உரைகல்லில் உரசிப் பார்த்த வழக்கு ஒன்று நம் விழுப்புரத்திலேயே நடந்தது.

2021 பிப்ரவரி மாதம். சட்டம் ஒழுங்கைக் கவனிக்கும் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்தவர் ராஜேஷ் தாஸ். மாநிலப் போலீசில் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று. முதல்-மந்திரியின் சுற்றுப்பயணப் பந்தோபஸ்தின்போது அவர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு பெண் போலீஸ் அதிகாரி புகார் கூறினார். புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன அந்த அதிகாரியின் காரையே வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்தார்கள். மறித்தவர்களும் போலீசார்தான்!

அந்த அம்மையார் பின்வாங்கவில்லை. சி.பி.சி.ஐ.டி. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து கவனித்தது. ராஜேஷ் தாஸ் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்கு விழுப்புரம் தலைமைக் குற்றவியல் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவர் போலீஸ். புலன் விசாரித்தது போலீஸ். குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ். தீர்ப்புச் சொன்னவர் மட்டும் போலீஸ் அல்ல. தொப்பியும் நட்சத்திரமும் இல்லாத ஒரு மாஜிஸ்திரேட்டு. 2023 ஜூன் 16-ந்தேதி அவர் தீர்ப்பு அளித்தார்: ராஜேஷ் தாசுக்கு 3 ஆண்டு ஜெயில். காரை மறித்த வழக்கில் ஒரு போலீஸ் சூப்பிரண்டுக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் ஜில்லா கோர்ட்டும் ஜெயில் தண்டனையை உறுதி செய்தது. பிறகு அவர் ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, சரணடைவதிலிருந்து இடைக்கால விலக்குக் கொடுத்தது. அப்பீல் செய்வது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. அவருக்கும் உண்டு.

இதுவே ராணுவப் படையாக இருந்தால் விஷயம் விழுப்புரத்துக்கு வந்திருக்குமா? பாளையத்தின் மதில்களுக்குள்ளேயே முடிந்திருக்கலாம்.

ஓமந்தூரார் காலத்தில்

போலீஸ் என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பைக் காட்ட ஒரு பழைய சேதி. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் டாங்கிகளோடு ஐதராபாத்துக்குள் நுழைந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அப்போது மதராஸ் பிரதமர். ராணுவமே போனாலும், டில்லி சர்க்கார் அதற்கு வைத்த பெயர் "போலீஸ் நடவடிக்கை". அந்நிய நாட்டின் மேல் செல்வது யுத்தம். சொந்த வீட்டுக்குள் செய்வது போலீஸ் வேலை. ஐதராபாத் நம் வீடுதான் என்று உலகத்துக்குச் சொல்ல அந்தச் சொல் உதவியது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரான்சில் இரண்டு விதம். நகரங்களில் சிவில் போலீஸ். கிராமப்புறங்களில் "ஜாந்தார்ம்" என்னும் காவல் படை. அவர்கள் சட்டப்படி ராணுவத்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் போலீசார் இன்றும் சிவப்புத் தொப்பி போடுகிறார்கள். தொப்பிதான் பிரெஞ்சு, சட்டம் இந்தியச் சட்டம்.

அவர் குறையும் கேளுங்கள்

போலீஸ்காரர் சிவிலியன் என்றால், சிவிலியனுக்கு உள்ள எல்லாம் அவருக்கு உண்டா? இல்லை. குமாஸ்தா சங்கம் வைக்கலாம்; கோஷம் போடலாம். போலீஸ்காரர் அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று 1966-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. பத்திரிகைக்காரரிடம் மனம்விட்டுப் பேசவும் முடியாது. ஆயுதம் ஏந்தியவர்கள் கூட்டம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தால் ஊர் என்னாவது என்ற பயம் நியாயமானதே. ஆனால் குறையைச் சொல்ல வாயில்லாதவருக்குக் குறையைக் கேட்கும் காதாவது வேண்டும் அல்லவா?

வாரம் ஒரு நாள் லீவு என்பதே காவலர்களுக்கும் ஏட்டுகளுக்கும் 2021 நவம்பரில்தான் தமிழக அரசின் உத்தரவாக வந்தது. அந்த நாள் தவறாமல் கிடைக்கிறதா என்பதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

திண்டிவனத்துக் கிழவியை மறந்துவிட்டோமே! மலையனூர் பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது.

"உனக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்டாள் கிழவி.

"மயிலம் பக்கம், ஆயா."

"அட, நம்ம ஊருப் புள்ளையா! இந்தக் கூடையைக் கொஞ்சம் ஏத்திவிடு."

போலீஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இல்லை. துப்பாக்கியைத் தோளில் இறுக்கிக்கொண்டு கூடையைத் தூக்கினார்.