விறகு, காஸ், கறண்ட்: எந்த அடுப்பு எமக்குக் கட்டுப்படியாகும்?

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் முதலில் அமைப்பது கூரையை அல்ல, அடுப்பைத்தான். மூன்று கல், ஒரு பானை, பொறுக்கிய விறகு, இவ்வளவுதான் தேவை. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் முகாம்களில் இப்படித்தான் உலை வைத்தன. பின்னர் மீளக்குடியேறி, கல்வீடு கிடைத்து, மின்சாரமும் வந்த வீடுகளில் இப்போது புதிய கேள்வி ஒன்று எழுந்துள்ளது. காஸ் அடுப்பு வாங்குவதா, கறண்ட் அடுப்பு வாங்குவதா, அல்லது விறகோடேயே இருப்பதா?

தவணை முறையில் பொருள் விற்கும் வாகனங்கள் கிராமங்களுக்குள் வருகின்றன. முதலில் சிறு தொகை, மிகுதி மாதாமாதம் என்பார்கள். அடுப்பின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எளிது. ஆனால் அடுப்பு ஒரு முறை வாங்கும் பொருள். அதற்குத் தீனி போடுவதோ ஒவ்வொரு நாளும் நடக்கும் செலவு. நுண்கடன் தவணைகளில் எத்தனை குடும்பங்கள் சிக்கித் தவித்தன என்பதை எமது மாவட்டம் நன்கு அறியும். ஆகவே வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சூடு எங்கே போகிறது?

எரிபொருளில் உள்ள சூடு முழுவதும் பானைக்குப் போவதில்லை. மூன்று கல் அடுப்பில் பத்து விறகை எரித்தால் ஏறக்குறைய ஒரு விறகின் சூடுதான் சோற்றைச் சேருகிறது. மிகுதி காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. காஸ் அடுப்பில் சுமார் பாதி பானைக்குப் போகும். தட்டையான கறண்ட் அடுப்பில் பத்தில் ஏழு பங்கும், 'இன்டக்ஷன்' எனப்படும் காந்த அடுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் பானையைச் சேரும்.

இதைப் பார்த்தவுடன் கறண்ட்தான் சிறந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சூட்டின் விலை வேறு, சூட்டின் அளவு வேறு. விறகு வீணானாலும் வளவிலிருந்து வருகிறது. கறண்ட் வீணாகாவிட்டாலும் ஒவ்வொரு யூனிற்றுக்கும் பணம் கட்ட வேண்டும்.

காஸையும் கறண்டையும் ஒப்பிட ஓர் இலகுவான வழி

12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றில் உள்ள சூடு சுமார் 160 யூனிற் மின்சாரத்துக்குச் சமம். அதில் பாதி, அதாவது 80 யூனிற் அளவு, பானைக்குப் போகிறது. அதே சமையலைக் கறண்டில் செய்ய, அடுப்பின் வகையைப் பொறுத்து 95 முதல் 115 யூனிற் வரை தேவைப்படும். எளிமைக்காக 100 என்று வைத்துக்கொள்வோம்.

ஆகவே சிலிண்டரின் விலையை நூறால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையைவிட உங்கள் மின்சார யூனிற்றின் விலை குறைவானால் கறண்ட் மலிவு. கூடுதலானால் காஸ் மலிவு. உதாரணமாக, 2021 ஒக்டோபருக்கு முன் லிற்றோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. நூறால் வகுத்தால் ஏறக்குறைய 15 ரூபா. அதே சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியது. நூறால் வகுத்தால் ஏறக்குறைய 49 ரூபா. ஏழு மாதத்துக்குள் கணக்கு தலைகீழாகியது. விலை மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பவும் செய்து பார்க்கலாம்.

ஆனால் மின்சாரக் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா யூனிற்றுக்கும் ஒரே விலை அல்ல. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு கட்டணப் பட்டியலுக்குள் போய்விடுகிறோம். அதன் பின்னும் படிப்படியாக விலை ஏறும்; மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். விளக்கு, காற்றாடி, தொலைக்காட்சி என்று மாதம் 40 யூனிற் பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முழுச் சமையலையும் கறண்டுக்கு மாற்றினால் இன்னும் எழுபது எண்பது யூனிற் சேரலாம். அப்போது சமையலின் செலவு மட்டுமல்ல, பழைய 40 யூனிற்றின் விலையும் உயர்ந்துவிடும். மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது பல வீடுகள் இதை நேரில் கண்டன. ஆகவே கடைசியாக வந்த மின்சாரப் பட்டியலைக் கையில் எடுத்து, எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று பார்த்த பின்பே அடுப்புக் கடைக்குப் போக வேண்டும்.

இதனால் கறண்ட் சமையலே கூடாது என்பது பொருளல்ல. சோறு ஆக்கும் மின்பானை ஒரு கிலோ அரிசிக்கு அரை யூனிற்றுக்கும் குறைவாகவே எடுக்கும். அளவோடு பாவித்தால் 60 யூனிற் எல்லைக்குள் நிற்கலாம்.

பானையையும் பாருங்கள்

காந்த அடுப்பு எல்லாப் பாத்திரத்தையும் சூடாக்காது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் சூடாக்கும். நிவாரணத்தில் கிடைத்த அலுமினியப் பானையும், எமது மண்சட்டியும் அதில் வேலை செய்யா. புதிய பாத்திரங்களின் விலையையும் அடுப்பின் விலையோடு சேர்த்துக் கொள்ள வேண்டும். சுருள் கம்பி அல்லது தட்டு வைத்த கறண்ட் அடுப்பில் அடி தட்டையான பாத்திரம் நன்றாகச் சூடாகும். அடி உருண்ட சட்டியில் சூடு வீணாகும். காஸ் அடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

போறணை வாங்க நினைப்போருக்கு

கேக், பணிஸ் செய்து விற்கும் எண்ணத்தோடு சில பெண்கள் வீட்டுப் போறணை வாங்க விரும்புகின்றனர். கறண்ட் போறணையில் மேலும் கீழும் சூட்டுக் கம்பிகள் உண்டு. வைத்த சூட்டை அது தானே காத்துக்கொள்ளும். சூடு உலர்ந்ததாக இருப்பதால் மேற்புறம் நன்றாகச் சிவக்கும். காஸ் போறணையில் பெரும்பாலும் தீ கீழே இருக்கும். காஸ் எரியும்போது நீராவியும் உண்டாவதால் உள்ளே ஈரப்பதன் இருக்கும். மேற்புறம் சிவக்க நேரம் எடுக்கும். எரிந்த வாயு வெளியேற வழி வேண்டியிருப்பதால் சூட்டின் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். எனவே சிலிண்டரை நூறால் வகுக்கும் கணக்கு போறணைக்கு அப்படியே பொருந்தாது. காஸுக்குச் சற்று நட்டமாகவே இருக்கும்.

1,500 வாற் கறண்ட் போறணை சூடு ஏறிய பின் விட்டுவிட்டே எரியும். ஒரு கேக்குக்கு ஏறக்குறைய ஒரு யூனிற் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேக் உள்ளே இருக்கும்போது கறண்ட் போனால் மாவும் முட்டையும் சீனியும் நட்டம். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை ஓடர் நிச்சயம் என்று தெரியாமல் தவணையில் போறணை வாங்க வேண்டாம். முதலில் அடிகனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடியின் மேல் தணல் இட்டு வேகவைத்து விற்றுப் பாருங்கள். வாங்குவோர் பெருகினால் போறணையை அந்த வருமானத்திலேயே வாங்கலாம்.

ஆபத்தைத் தவிர்ப்போம்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் காஸ் அடுப்புகள் வெடித்தன. புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை அளவு மாற்றப்பட்டமையே முக்கிய காரணம் என்று சனாதிபதி நியமித்த குழு கூறியது. புரோப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தம் கூடும். பழைய குழாய், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றால் காஸ் கசியும்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி நிற்கும். ஆகவே குசினியின் கதவின் கீழ்ப்பக்கம் காற்றோடும் வழி இருக்க வேண்டும். மணம் வந்தால் கறண்ட் சுவிச்சைப் போடவோ நிறுத்தவோ கூடாது. ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வர வேண்டும். இணைப்பைச் சோதிக்கச் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக் குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். கிடுகுக் கூரைக் கொட்டிலுக்குள், எரியும் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைக்க வேண்டாம்.

கறண்ட் அடுப்புக்குத் தடித்த வயரும், மண்ணுக்குள் இறக்கிய 'ஏர்த்' கம்பியும், வேலை செய்யும் 'ட்ரிப் சுவிச்'சும் கட்டாயம் தேவை. பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயர் இழுத்து விளக்கு எரிக்கலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அதே வயரில் அடுப்பைப் போட்டால் வயர் உருகித் தீப்பிடிக்கும்; பக்கத்து வீட்டின் கட்டணமும் ஏறும். மாரி வெள்ளம் குசினிக்குள் வரும் இடங்களில் பிளக்குகள் உயரத்தில் இருக்கட்டும்.

விறகைத் தள்ளிவிடலாமா?

தள்ளிவிட முடியாது, ஆனால் திருத்திக்கொள்ளலாம். வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 30 இலட்சம் பேர் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடுப்படியில் நிற்கும் தாய்மாரும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுமே அந்தப் புகையைக் கூடுதலாகச் சுவாசிக்கின்றனர். வாவிக்கரைக் கண்டல்களை விறகுக்கு வெட்டினால் இறால், மீன் குஞ்சுகள் வளரும் இடம் அழியும்.

இலங்கையில் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டு, 1990களிலிருந்து பரவிய 'அனகி' என்னும் களிமண் அடுப்பு இதற்கு ஒரு நல்ல விடை. ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம். மூன்று கல் அடுப்போடு பார்க்கும்போது விறகு கணிசமாக மிச்சப்படும். அதைச் சுற்றிக் களிமண் பூசி, மேலே புகைபோக்கி வைத்தால் குசினியின் புகையும் குறையும். விறகை மழைக்கு முன்பே வெட்டிக் கூரைக்குக் கீழ் காயவைப்பதும், பானையை மூடி சமைப்பதும், பயறு கடலையை முதல் நாளே ஊறவைப்பதும் பணம் செலவில்லாத சிக்கனங்கள். நெல் அவிப்பதற்கு உமி அடுப்பு போதும்; அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை.

எமது ஆலோசனை

ஒரே அடுப்பில் முழு நம்பிக்கையும் வைக்காதீர்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களில், வளவில் ஒரு விறகு அடுப்பை அழியாமல் வைத்திருந்த குடும்பங்கள் பட்டினி கிடக்கவில்லை.

நெல் அவிக்கவும் பெரிய பானை வைக்கவும் திருத்திய விறகு அடுப்பு. விடியற்காலைத் தேநீருக்கும் பிள்ளைகளின் அவசரச் சாப்பாட்டுக்கும் சிறு காஸ் அடுப்பு. மின்சாரப் பட்டியல் இடங்கொடுத்தால் சோற்றுக்கு மின்பானை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதுமானது. சிலிண்டர் நிரப்பத் தூரம் போக வேண்டிய கிராமங்கள் அந்தப் பயணச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரைக்கு வழி இலகுவானது உண்மையே. ஆயினும் உட்கிராமத்துக்கு ஓட்டோ கூலி உண்டு.

இன்னும் சொந்தக் காணி உறுதியாகாமல், உறவினர் வளவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்போர் மின் இணைப்பை நம்பி அடுப்பு வாங்க வேண்டாம். நாளை இடம் மாற நேர்ந்தால் இணைப்பைத் தூக்கிச் செல்ல முடியாது. சிலிண்டரையும் களிமண் அடுப்பையும் கொண்டு செல்லலாம். சிலிண்டருக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டைக் காணிப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது மின்சாரப் பட்டியலையும், சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்ற குறிப்பையும் கொண்டு வாருங்கள். ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்தால், விற்பனை வாகனம் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெளிவாகும்.