எட்டாத பறவைக்கு ஒரு குழிவில்லை

300 மி.மீ. லென்ஸுடன் காட்டுயிர்ப் படமெடுக்கப் புறப்படுவோர் முதலில் அடையும் ஏமாற்றத்தை எளிய கணக்கொன்று விளக்கிவிடும். 20 மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருக்கும், சுமார் 16 செ.மீ. நீளமுள்ள சிறுநீல மீன்கொத்தியின் பிம்பம், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரில் 2.4 மி.மீ. அளவே விழுகிறது, 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டச் சென்சாரில் இது பதினைந்தில் ஒரு பங்கு. பெருந்துளை கொண்ட 600 மி.மீ. லென்ஸின் விலை பல லட்சம் ரூபாய் என்பதால், கையிலுள்ள கருவியின் எட்டத்தைக் கூட்டும் வழிகளையே பலரும் தேடுகின்றனர்.

சிறிய சென்சார் கொண்ட கேமராவில் பொருத்தினால் 300 மி.மீ. 450 ஆகிவிடும் என்பது பாதி உண்மையே. பிம்பம் அதே 2.4 மி.மீ.தான், சுற்றியுள்ள வெளி மட்டுமே வெட்டப்படுகிறது. அந்த 2.4 மி.மீ.க்குள் எத்தனை பிக்சல்கள் அடங்குகின்றன என்பதைப் பொறுத்தே இறகின் நுணுக்கம் அமைவதால், 4.5 கோடி பிக்சல் கொண்ட முழுச்சட்டப் படத்தைப் பின்னர் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டாலும் 2 கோடி பிக்சல்கள் எஞ்சும்.

பிம்பத்தையே பெரிதாக்குவது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தப்படும் டெலிகன்வெர்ட்டர். இதன் விந்தை என்னவெனில், பெரிதாக்கும் இக்கருவியின் அடிப்படை ஒளியைக் குவிக்கும் வில்லையன்று, விரிக்கும் குழிவில்லை. 1830களில் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் தொலைநோக்கிக்கென வகுத்த வில்லையும் இதே தத்துவத்தில் இயங்குவதே. கூம்பாகக் குவிந்துவரும் கதிர்கள் ஒன்றுசேருமுன் குழிவில்லைத் தொகுதி குறுக்கிட்டு அவற்றின் சாய்வைத் தணிக்க, கூம்பு ஒடுங்கி நீண்டு, மேலும் நீளமான லென்ஸிலிருந்து வந்ததைப் போன்றே பிம்பம் பெரிதாகிறது. லென்ஸ் எவ்வளவு அருகில் குவியுமோ அந்தக் குறைந்தபட்சத் தொலைவு மாறாததால், தும்பிகளைப் படமெடுப்போருக்கும் இது உதவுகிறது.

ஒரே கரண்டி மாவை அகலமாகத் தேய்த்தால் தோசை மெலிவது போல, 2 மடங்கு கன்வெர்ட்டரில் அதே ஒளி நான்கு மடங்குப் பரப்பில் பரவுவதால், எஃப் 4 துளை எஃப் 8 ஆகிவிடுகிறது, 1.4 மடங்கில் இழப்பு பாதிதான். லென்ஸின் குறைகளும் கூடவே பெரிதாகின்றன. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் எஃப் 5.6-க்கு மேல் தானியங்கிக் குவியம் தடுமாறுகிறது. கன்வெர்ட்டரின் முன்வில்லை துருத்திக்கொண்டிருப்பதால் எல்லா லென்ஸுக்கும் அது பொருந்துவதுமில்லை.

கருவியை விடுத்துத் தூரத்தைக் குறைப்பதே இன்னொரு வழி. தொடக்கத்தில் கண்ட மீன்கொத்திக் கணக்கின்படி, 20 மீட்டர் 10 ஆகக் குறைந்தாலே, ஒளி சிறிதும் குறையாமல் பிம்பம் இரட்டிப்பாகிறது. உச்சிவெயிலில் அலையும் வெப்பக் காற்றின் கலக்கமும் பாதியளவு தூரத்துக்கே குறுக்கிடுகிறது. ஆனால் அந்த 10 மீட்டரைக் கடக்க வேண்டியது பறவையே தவிர மனிதன் அல்லன். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துக் குஞ்சுகளை வெயிலுக்கும் காகத்துக்கும் காட்டிக்கொடுப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அலைக்கழிப்பதும் எட்டத்தைக் கூட்டும் வழிகளாகா. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒட்டுப்போட்டு அமைத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ எனப் பெயரிட்டு, அதைக் கொண்டே காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் பதிவுசெய்த மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்கள், கருவியைவிட விலங்கின் வழக்கத்தை அறிந்து காத்திருப்பதே மேல் என்பதற்குச் சான்றாக உள்ளன. மீன்கொத்தி நாள்தோறும் திரும்பிவரும் கிளையைக் கண்டறிந்து, அதற்கு எதிரே மறைவிடம் அமைத்து அமரும் ஒருவருக்குக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் பையிலேயே இருந்துவிடும்.