தொடக்ககால இராணுவ உருமறைப்பில் பெண்கள்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) பீரங்கிகள், கப்பல்கள், படைவீரர்கள் ஆகியோரை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் உருமறைப்புக் கலை, தனியொரு இராணுவத் துறையாக உருப்பெற்றது. பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் உருமறைப்புப் பட்டறைகளிலும் பயிற்சி அமைப்புகளிலும் பெண்கள் பணியாற்றினர். இவர்களுள் சிலர் ஓவியம் பயின்றவர்கள். மற்றவர்கள் கூலிக்கு வேலை செய்த தொழிலாளர்கள். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் ஆண் ஓவியர்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. பெண்கள் அதில் பெயரின்றி, நிழற்படங்களில் மட்டும் தென்படுகின்றனர்.

பின்னணி

இராணுவ உருமறைப்புக்கு அடிப்படையான கருத்துகள் பல, விலங்குகளின் நிறத்தைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தவை. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயரின் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து அவருடைய மகன் ஜெரால்டு எழுதிய நூல் 1909-இல் வெளிவந்தது. விலங்கின் முதுகுப்புறம் கருமையாகவும் வயிற்றுப்புறம் வெளிறியும் இருப்பதால், மேலிருந்து விழும் ஒளி சமன்பட்டு அதன் பருமன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பது தேயரின் முதன்மையான கருத்து. தேயரின் மனைவி எம்மா பீச் தேயரும் ஓவியரே. இந்நூலுக்கான ஓவியப் பணியில் குடும்பத்தினருடன் அவரும் பங்கேற்றார். நூலின் முகப்புத் தாளிலோ மூன்று ஆண்களின் பெயர்களுக்குப் பின்னர் "பிறர்" என்ற சொல் மட்டுமே உள்ளது.

வலைப் பட்டறைகள்

1915-இல் பிரெஞ்சுப் படை, ஓவியர் கிரான் டி செவோலாவின் தலைமையில் உருமறைப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. பச்சோந்தி அதன் சின்னமாக இருந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியப் படையும், 1917-க்குப் பின்னர் அமெரிக்கப் படையும் பிரெஞ்சு மண்ணில் இத்தகைய பட்டறைகளை நிறுவின. விமெரோ நகரில் பிரித்தானியப் பட்டறையும் டீஜோன் நகரில் அமெரிக்கப் பட்டறையும் இயங்கின. இவற்றில் உள்ளூர்ப் பிரெஞ்சுப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

வானூர்திகளிலிருந்து எடுக்கப்படும் படங்களில் பீரங்கியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் நிழலே. அதை மறைக்கப் பீரங்கிக்கு மேல் வலை கட்டப்பட்டது. சாயமேற்றிய சாக்குத்துணிக் கீற்றுகளையும் ராஃபியா நாரையும் வலைக்கண்களில் கோத்து முடிவது பெண்களின் வேலை. நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களை நோக்கிச் செல்லச்செல்ல இடைவெளி விட்டும் முடிய வேண்டும். ஓரமும் அடர்த்தியாக இருந்தால் வலையின் நிழலே நேர்க்கோடாக விழுந்து, மறைக்க வந்ததே அடையாளமாகிவிடும். முடிவதில் நேரும் பிழைக்கு விலை கொடுப்பவர்கள், வலைக்குக் கீழே நின்ற பீரங்கிப் படையினர். மறைந்திருந்து சுடுபவர்களுக்கான, கையால் வண்ணம் தீட்டிய முக்காட்டு அங்கிகளும் உருமறைப்புப் பட்டறைகளில் உருவாயின.

பர்லிங்டன் மாளிகை

1917 பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. கடலில் கப்பலை முழுதாக மறைப்பது இயலாது என்றும், அது செல்லும் திசையை எதிரி தவறாகக் கணிக்கும்படி செய்வதே வழி என்றும் கடற்படை அதிகாரியும் ஓவியருமான நார்மன் வில்கின்சன் வாதிட்டார். நீர்மூழ்கியின் தலைவர் சில நொடிகள் மட்டுமே பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்த்து, கப்பலின் வேகம், தொலைவு, திசை ஆகியவற்றைக் கணித்தாக வேண்டும். டார்பிடோ குறிவைப்பது கப்பல் இப்போது நிற்கும் இடத்தை அன்று, அது சற்று நேரத்தில் வந்துசேரும் இடத்தை. எனவே திசைக் கணிப்பு சில பாகைகள் பிசகினாலும் குறி தவறலாம். வெட்டியும் சாய்ந்தும் ஓடும் பட்டைகளால் ஆன இந்தக் கண்மருட்டு முறை 'டேசில்' எனப்பட்டது.

இதற்கான அலுவலகம் லண்டனில் அரச கலைக் கழகத்தின் பர்லிங்டன் மாளிகையில் இயங்கியது. கலைப்பள்ளி மாணவிகள் அங்கு பணியாற்றினர். முதலில் கப்பலின் சிறிய மர மாதிரி ஒன்று செய்யப்படும். அதில் ஒரு கோலம் தீட்டி, சுழலும் மேசையில் வைத்து, வானம் தீட்டிய திரையின் முன் பெரிஸ்கோப் வழியே பார்ப்பர். திசை எளிதில் புலப்பட்டால் வண்ணத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் தீட்டுவர். தேறிய கோலம், கப்பலின் இரு பக்கங்களையும் காட்டும் வரைபடத்தில் அளவு மாறாமல் பெயர்த்தெழுதப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்பப்படும். அங்குள்ள சாயக்காரர்கள் பின்பற்றியது இந்த வரைபடத்தையே. இவற்றைத் தீட்டியவர்கள் பெண்கள். ஒரே கோலத்தை எதிரி பழகிவிடாதபடி கப்பலுக்குக் கப்பல் கோலம் மாற வேண்டியிருந்ததால் வேலை குறையவே இல்லை. போர் முடிவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட பிரித்தானிய வணிகக் கப்பல்கள் இம்முறையில் வண்ணம் பூசப்பட்டன. பார்வையிட வந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ஒரு மாதிரியின் திசையைத் தவறாகவே கணித்தார்.

இப்பணியில் இருந்த எவ்லின் மெக்கன்சி 1918-இல் வில்கின்சனை மணந்தார். அவருடைய பெயர் நினைவுகூரப்படுவதற்கு இத்திருமணமும் ஒரு காரணம் எனலாம். பெண்கள் இரவுபகலாக வண்ணம் தீட்டிய அதே மாளிகையின் கலைக் கழகத்தில் அப்போது ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1768-இல் அதை நிறுவியவர்களுள் இரு பெண்கள் இருந்தனர். அதன்பின் முதன்முதலாக ஒரு பெண் துணை உறுப்பினராகத் தேர்வானது 1922-இல்தான்.

அமெரிக்க மகளிர் உருமறைப்புப் படை

1918-இல் நியூயார்க்கில் மகளிர் சேவைக்கான தேசியக் கழகத்தின் கீழ் மகளிர் உருமறைப்புப் படை ஒன்று பயிற்சி பெற்றது. இதன் உறுப்பினர்கள் பாறைபோலவும் புல்தரை போலவும் தோன்றும் உடைகளைத் தாமே தைத்து, வண்ணம் தீட்டி, வான் கோர்ட்லண்ட் பூங்காவில் அணிந்து சோதித்தனர். இங்கு பெண்கள் பிறர் வகுத்த கோலத்தைப் பெயர்த்தெழுதுபவர்களாக இல்லை. உடையைத் திட்டமிட்டவரும் அதை அணிந்து பாறையோரம் படுத்துப் பார்த்தவரும் அவர்களே.

அவர்களின் புகழ்பெற்ற பணி வேறொன்று. ஆள்சேர்ப்புக்காக யூனியன் சதுக்கத்தில் மரத்தால் கட்டப்பட்டிருந்த 'ரெக்ரூட்' என்ற போர்க்கப்பல் உருவத்துக்கு, 1918 ஜூலையில் கறுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் அவர்கள் டேசில் கோலம் தீட்டினர். நடுத்தெருவில் நின்ற கப்பலுக்கு நீர்மூழ்கியால் ஆபத்து ஏதுமில்லை. வழிப்போக்கர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதே நோக்கம், அது நிறைவேறியது.

உரிமைப் போட்டி

டேசில் முறை எத்தனை கப்பல்களைக் காத்தது என்பதைப் புள்ளிவிவரங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. மாலுமிகளின் மனவுறுதியை அது உயர்த்தியதாகக் கருதப்பட்டது. போருக்குப் பின்னர், இம்முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி புத்தாக்குநர்களுக்கான அரச ஆணையத்தின் முன் வந்தது. விலங்கியலாளர் ஜான் கிரகாம் கெர் உரிமை கோரினார்; 1914-இலேயே உருமறைப்புப் பற்றி அவர் கடற்படைக்கு எழுதியிருந்தார். ஆணையம் வில்கின்சனுக்கே 2,000 பவுண்டு பரிசளித்தது. வழக்கு, கருத்து யாருடையது என்பதைப் பற்றியது மட்டுமே. பலமுறை துடைத்துத் தீட்டிச் சோதித்த கைகள் அதில் ஒரு தரப்பாகவே இல்லை. வண்ணம் தீட்டிய மாதிரிகள் பல இன்றும் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. மேசைகளின் முன் குனிந்து அவற்றைத் தீட்டும் பெண்களின் படங்களும் அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன.